பக்கத்தை அழுத்திப் பிடித்த கை

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், பாடக்குறிப்புகளை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று துறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். தப்பில்லை, வேலை இல்லைதான். ஆனால் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால், புதிதாக டியூட்டர் பொறுப்பு ஏற்றிருக்கும் உங்கள் எல்லாரிடமும் செத்த நேரம் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிடலாம். தேதி போடு, யூனிட் போடு, டுடோரியல் கணக்கைப் பாடத்தோடு கலக்காதே, இன்றைக்கு நடத்தியதை இன்றைக்கே ஒருமுறை புரட்டிப் பார். இதற்காக நான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வரவேண்டியதில்லை.

உங்களிடம் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. என்னிடம் படித்தவர்களிலேயே குறிப்புகளை மிக ஒழுங்காக வைத்திருந்தவள் அவள்தான். அந்த ஒழுங்குதான் அவளை வீட்டில் உட்கார வைத்தது. இதைக் கேட்டுவிட்டு என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்டால், முழுதாக என்னிடமும் பதில் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளை உங்களுக்கு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கும். பள்ளிக்கூடம் வரை அவர்களுக்கு நோட்ஸ் என்றால் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது, இல்லையென்றால் கடையில் வாங்குவது. இங்கே வந்தால் ஒருவர் போர்டை நிரப்பிவிட்டு அழித்துக்கொண்டே போகிறார். இன்னொருவர் பேசிக்கொண்டே போகிறார், எழுதுவதே இல்லை. முதல் ஒரு மாதம் எல்லாரும் முழிப்பார்கள். ஒரே ஒரு லாங் சைஸ் நோட்டில் முன்பக்கம் கால்குலஸ், பின்பக்கம் ஆங்கிலம், நடுவில் மருதாணி டிசைன் இருக்கும். பையன்கள் அதுவும் கொண்டுவர மாட்டார்கள். “நோட்ஸ் எங்கப்பா?” என்று கேட்டால் “கேலரில இருக்கு மேடம்” என்று செல்போனைத் தட்டிக் காட்டுவார்கள். உள்ளே சித்தி மகள் கல்யாணத்துக்கும் பைக் படத்துக்கும் நடுவில் என் போர்டு கோணலாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். வகுப்பு ஒன்றுதான், வாட்ஸ்அப் குழு இரண்டு. பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒருவர் நம்பர் மற்றவருக்குப் போகக்கூடாது என்பது பிள்ளைகளே வைத்துக்கொண்ட ஏற்பாடு. நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் போனை யார் எப்போது வாங்கிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பையன் ஒருவனின் நோட்ஸ் பெண்களுக்கு வேண்டுமென்றால், பையன்களின் வகுப்புப் பிரதிநிதி, ரெப் என்பார்கள், அவன் படம் பிடித்துப் பெண்களின் ரெப்புக்கு அனுப்புவான். அவள் தன் குழுவில் போடுவாள். ரெப் இரண்டு பேருக்கும் மட்டும்தான் ஒருவர் நம்பர் மற்றவரிடம் இருக்கும். எல்லை தாண்டி தபால் போகிற மாதிரி இருக்கும். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

நான் சொல்கிற பெண் மாரீஸ்வரி. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி ராஜபாளையம் ரோட்டில் இறங்கி நடந்து வருவாள். எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும் முதல் மணி வகுப்பு அவளுக்குக் கிடைக்காது. வாரத்தில் பாதி நாள் முதல் மணி என்னுடைய கால்குலஸ். தான் கேட்காத பாடத்தை மற்றவர்கள் குறிப்பிலிருந்துதான் அவள் படித்தாக வேண்டும்.

ஒரு டுடோரியல் மணியில் அவள் போட்ட கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் அவசரத்தில் வாயால் மட்டும் சொல்லித் தாண்டிப்போன ஒரு படியை அவள் போட்டிருந்தாள். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். போனைக் காட்டினாள். படங்களைத் தனித்தனி ஆல்பமாகப் பிரித்து வைத்திருந்தாள். பாடத்தின் பெயரில் அல்ல, எழுதியவர் பெயரில். மேகலா, சுகன்யா, செல்வா என்று.

“பாடவாரியா வைக்காம ஏன் இப்படி வச்சிருக்க?”

“நான் கேக்காத கிளாஸ் மேடம். எழுதுனது யாருன்னு தெரிஞ்சாத்தான் எங்க சந்தேகப்படணும்னு தெரியும். சுகன்யா அடையாளக்குறிய மாத்திருவா, பிளஸ்ஸ மைனஸ் ஆக்கிருவா. மேகலா பாதிப் படிய விட்டுருவா. செல்வா ஒண்ணையும் விட மாட்டான், ஆனா கடைசி ஆன்ஸர்ல கோட்ட விட்டுருவான். மூணையும் சேத்து வச்சுப் பாத்தாத்தான் நீங்க என்ன நடத்துனீங்கன்னு தெரியும்.”

பதினெட்டு வயதுப் பெண், கல்லூரிக்கு வந்து முழுதாக ஒரு பருவம்கூட ஆகவில்லை. எனக்கு அன்று வீடு போய்ச் சேரும் வரை சந்தோஷமாக இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களே சில நேரம் இந்த அளவு யோசிப்பதில்லை. இவளை எம்.எஸ்.ஸி. வரை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மதியம். நான் துறையில் தனியாக இருந்தேன். பக்கத்து ஹாலில் முதலாம் ஆண்டுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாரீஸ்வரியின் அண்ணனும் சித்தப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அண்ணனை எனக்கு முன்பே தெரியும். தேங்காய் வியாபாரம் செய்கிறவன். தங்கச்சியைச் சேர்க்க அவன்தான் விண்ணப்பம் வாங்க வந்து வெயிலில் நின்றான். சித்தப்பாவை அன்றுதான் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பீரோவை ஒட்டி நின்றாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து விழா. எடுத்த போட்டோக்களைக் காட்டு என்று சித்தப்பா இவள் போனை வாங்கியிருக்கிறார். கேலரியைத் திறந்ததும் வரிசையாக ஆல்பங்கள். இரண்டு பெண் பெயர், ஒரு ஆண் பெயர். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

“இந்தச் செல்வா யாரு டீச்சரம்மா?” என்று சித்தப்பா போனை என் மேசையில் வைத்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இது ஒன்றுமே இல்லை, இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். எல்லாம் கணக்கு. என்னுடைய கணக்கு. “பாருங்க, நான் நடத்துன பாடம்தான் இது. ஒரு வார்த்தைகூட வேற இல்ல.”

“கணக்குதான், தெரியுது. அப்ப அவன் நம்பர் எங்க? போன் பூரா தேடிட்டோம். அழிச்சிருக்கா.”

“அழிக்கல. அவகிட்ட அவன் நம்பரே கிடையாது. படம் வேற ஒரு பொண்ணு வழியா வருது.”

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். “கேட்டியா? நடுவுல ஒருத்தி தூது போயிருக்கா.”

நான் கணக்கு ஆசிரியை. ஒரு படி சரியாக வந்துவிட்டால் அடுத்த படி சுலபம் என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள். அன்று நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அடுத்த உண்மையைக் கெடுத்தது. இந்தப் பிள்ளைகள் பேர் கெடாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடுதான் அங்கே குற்றத்துக்குச் சாட்சியாக வந்து நின்றது. வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் சித்தப்பா கேட்க வந்தது அது எதுவும் இல்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நம் வகுப்பறை மின்விசிறி உங்களுக்குத் தெரியும், அந்தக் காற்றில் நோட்டின் பக்கம் நிற்காது. படம் பிடிக்கும்போது நோட்டுக்குச் சொந்தக்காரன் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறான். எல்லாப் படத்திலும் ஓரத்தில் அந்தக் கை இருந்தது. மணிக்கட்டில் கயிறு.

அது என்ன நிறம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கம் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே என்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாரீஸ்வரி வீட்டுக்காரர்கள் கட்டுகிற நிறம் அது இல்லை. அவ்வளவு போதும்.

“இந்தக் கை யாருது?” என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

எனக்குத் தெரியும். டுடோரியல் தாள் திருத்துகிறவளுக்குக் கையெழுத்து தெரியாமல் போகுமா? செல்வா என்று கூப்பிடக்கூடிய பையன்கள் அந்த வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கயிற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவன்தான். அவன் அந்த நேரத்தில் பக்கத்து ஹாலில், எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்க, உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“பாத்துச் சொல்றேன், உக்காருங்க” என்றேன். டீ சொன்னேன். டீ கொண்டுவந்த அட்டெண்டர் அம்மாவிடம் ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுத்து, “பக்கத்து கிளாஸ்ல சார்ட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்றேன். பெல் அடித்தாலும் நான் வந்து சொல்லும் வரை வகுப்பை விட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அந்த ஆசிரியர் பெல்லுக்கு முன்னாலேயே வகுப்பை விட்டுவிடுவார் என்று பெயர் எடுத்தவர். அன்று என்ன ஏது என்று ஆள் அனுப்பிக் கேட்காமல் பாடத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை அதனால்தான்.

பெல் அடித்தது. மற்ற வகுப்புகள் வெளியே வந்தன. சித்தப்பா டீயை வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் நிலையில் நின்றார். வராந்தாவில் போகிற ஒவ்வொரு பையனின் மணிக்கட்டையும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பையன்கள் அவரை யாரோ பெற்றோர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.

“அம்புட்டுப் பயலுவளும்ல கட்டிருக்கானுவ” என்றார் திரும்பி வந்து. “நீங்களே சொல்லிருங்க டீச்சரம்மா. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லி விட்ருவோம்.”

அதற்குள் முதல்வரிடமிருந்து போன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “பேரச் சொல்லி முடிச்சு விடுங்க மேடம். இல்லைன்னா சாயங்காலம் கேட்டுல நாலு வண்டி வந்து நிக்கும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் கையில் பொறுப்பு இருப்பதுதான் நம் தொழிலின் பெரிய தொல்லை என்று எனக்குத் தோன்றும். நான் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பெண்களின் ரெப் மேகலாவைக் கூப்பிடுங்கள், அவள் சாட்சி சொல்வாள் என்று ஒரு நொடி தோன்றியது. நல்ல வேளை வாயில் வரவில்லை. அந்தப் பெண் நடுங்கிப்போய் முழுப் பெயரும் ஊரும் சொல்லியிருப்பாள்.

அண்ணன் அதுவரை தலை குனிந்தே இருந்தான். இப்போது சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னான். “இங்க வேண்டாம்னா பொம்பளப் பிள்ளைக மட்டும் படிக்கிற காலேஜ்ல சேத்துருவோம் சித்தப்பா. பாதில நிப்பாட்ட வேண்டாம். நல்லாப் படிக்கா.”

அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். “நானே பேசி மாத்திக் குடுக்கேன். ஒரு வாரத்துல முடிச்சிரலாம்.”

சித்தப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதை நான் பார்த்தேன். பிறகு சொன்னார். “சரி. சேத்துருவோம். மூணு வருசமும் படிக்கட்டும். அந்தப் பய யாருன்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாம வீட்டுல நாங்க தல நிமிந்து சோறு திங்க முடியாது. நேத்து அம்புட்டுப் பேரும் பாத்துட்டாவ.”

அதாவது விலை சொல்லிவிட்டார். பெயரைக் கொடுத்தால் படிப்பு.

மாரீஸ்வரியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியும். வீட்டில் வாங்கிய அடியில் அவள் அந்தப் பெயருக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர்கள் என்னிடம் வந்ததிலிருந்தே விளங்கியது. அவள் நேராக என் கண்ணைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லிவிடாதீர்கள் மேடம் என்று கெஞ்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

“பாடம் நடத்துறவிய, பிள்ளைகளோட கை தெரியாதா?”

“தெரியாது.”

அவர் போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். கும்பிட்டார். “அப்ப இன்னையோட சரி” என்றார். அண்ணன் வாசலில் ஒருமுறை திரும்பி, “நான்தான் மேடம் அத்தன பேருட்டயும் சண்ட போட்டு இவளச் சேத்தேன்” என்று சொன்னான். கண் கலங்கியிருந்தது. அன்று எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இப்போது வருகிறது.

அவர்கள் ஆட்டோ கேட்டைத் தாண்டும் வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்து ஹாலுக்குப் போனேன். பிள்ளைகள் பசியில் முனகிக்கொண்டிருந்தார்கள். கணக்குத் துறைக்குக் கருணையே கிடையாது என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவன் செல்வாதான்.

அவனிடம் நான் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்து ஊரை விட்டு ஓடுவான், இல்லையென்றால் வீரம் காட்டுகிறேன் என்று வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறுவான். அந்த வயதில் இரண்டில் எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் கத்தரிக்கோலோடு வகுப்புக்குப் போனேன். தேர்வு வரைக்கும் என் வகுப்பில் யார் கையிலும் எந்தக் கயிறும் இருக்கக்கூடாது என்றேன். கோயில் கயிறு என்று வாதாடினார்கள். அப்பா வந்து கேட்பார் என்று மிரட்டினார்கள். வரட்டும் என்று ஒவ்வொருவன் கையிலும் நானே வெட்டினேன். செல்வா கை வந்ததும் கத்தரிக்கோலை இரண்டு முறை மாற்றிப் பிடித்தேன். அவன், “பாத்து மேடம், நரம்பு” என்று கேலி செய்தான்.

சில நாள் கழித்து டுடோரியல் முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றான்.

“மேடம், மாரீஸ்வரி ஏன் வரல?”

“வீட்டுல ஏதோ சூழ்நிலை. நிப்பாட்டிட்டாங்க.”

“ஐயோ” என்றான். “நான் கடைசில போடுற தப்பெல்லாம் அதுதான் மேடம் கண்டுபிடிக்கும். மேகலாட்ட சொல்லி விடும், அவ எங்க ரெப்ட்ட சொல்லுவா, அவன் என்ட்ட சொல்லுவான். நேருல ஒரு நாளும் பேசுனதில்ல. இனிமே யாரு மேடம் பாப்பா?”

நான் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். அவன் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே போனான், இப்போது வெளியூரில் மேலே படிக்கிறான். ஒரு மதியம் முழுக்கத் தன்னைத் தேடினார்கள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இதுவரை கேட்டதில் நான் செய்தது சரி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் வழி பிறக்கும், கோபம் தணிந்ததும் அண்ணன் எப்படியாவது சேர்த்துவிடுவான் என்று நம்பினேன். பருவத் தேர்வு வந்தது. அவள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வரும் சாக்கில் வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன். தொலைதூரக் கல்வியில் சேர்க்கலாம், வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பேச்சை ஆரம்பிக்க அதற்கான விவரங்களையும் வாங்கி வைத்திருந்தேன்.

வீட்டில் அண்ணன் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அம்மா இருந்தார். நன்றாகவே உபசரித்தார். “எதுக்கு டீச்சரம்மா இனிமே அதெல்லாம்? தை மாசம் கல்யாணம் வச்சாச்சு” என்றார். மாப்பிள்ளை யார், என்ன வேலை என்று கேட்டேன். சித்தப்பா பார்த்த இடம் என்று மட்டும் சொன்னார். பிறகு, வெறுங்கையோடு போகக்கூடாது, நாலு தேங்காய் உரித்துக்கொண்டு வருகிறேன் என்று பின்னால் போனார்.

மாரீஸ்வரி உள்ளேயிருந்து வந்து என் எதிரில் நின்றாள். கன்னம் சரியாகியிருந்தது. மெலிந்திருந்தாள். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, “நல்லா இருக்கியா?” என்று கேட்டேன். அதைவிட மட்டமான கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

“மூணாவது யூனிட்டுல டுடோரியல் எதுவர போட்டீங்க மேடம்?” என்றாள்.

சொன்னேன். தலையாட்டினாள். பிறகு, பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

“நீங்க ஏன் மேடம் சொல்லல?”

எனக்குப் புரியவில்லை. “எத?”

“அவன் பேர. நான் உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்ல. என் வாயால சொல்ல முடியல. நீங்க சொல்லிருவீங்கன்னு பாத்தேன்.”

“நீயும்தானே வீட்டுல சொல்லல. நீ கேட்டுக்கிட்டது சொல்லாதீங்கன்னுதானே...”

“வீட்டுல சொல்லல. அடிச்சாங்கன்னு சொல்லுவனா? ஆனா அங்க படிக்க விடுறேன்னுல சொன்னாவ. சித்தப்பா வாய்விட்டுச் சொன்னா மாற மாட்டாவ மேடம். அண்ணன் கூட இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் இந்நேரம் காலேஜ்ல இருப்பேன்.”

“அவன என்ன பண்ணிருப்பாங்கன்னு தெரியுமா உனக்கு?” என்றேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“தெரியும் மேடம்” என்றாள். “எனக்குத் தெரியாதா எங்க வீட்டப் பத்தி? அடிச்சிருப்பாவ. அடியோட விட்ருப்பாவளா, விட்ருக்க மாட்டாவளான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னய என்ன பண்ணுவாவன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதான. தெரியாததுக்குப் பயந்து, தெரிஞ்சத விட்டுட்டீங்க.”

அவள் அம்மா தேங்காயோடு வந்தார். மாரீஸ்வரி பையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்தேன். அவள் சொன்னதில் ஒரு தப்பான படி எங்கே என்று தேடிக்கொண்டே வந்தேன்.

நாளைக்கு உங்களில் ஒருவரிடம் ஒரு பெயர் கேட்டு ஆள் வரும். சொல்லாதீர்கள். இன்று என்னிடம் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்லாமல் இருக்கும்போது யாருடைய வாழ்க்கையைக் கொடுத்து யாரை வாங்குகிறோம் என்பது தெரிந்தே செய்யுங்கள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.